அடியில் இருந்த சின்ன எழுத்து

புதன்கிழமை, இரவு. மழை.

என் மகள் கல்யாணி இன்று விடியற்காலையில் வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டுப் போனாள். தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் ஒற்றை அறை திடீரென்று பெரிதாகத் தெரிகிறது.

முந்தாநாள், வேலைக்கு அனுப்பும் பதுளை ஏஜென்ட் கொடுத்த விமானப் பயணத் தாளை எழுத்துக்கூட்டிப் படித்தேன். "வழியில் இறங்கி வேறு விமானத்தில் ஏற வேண்டும்" என்று அடியில் பொடியாக இருந்தது. அவளிடம் ஒரே விமானம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஏஜென்டுக்குப் போன் போட்டேன்.

"ரெண்டு பிளேனுக்கும் ஒரே நம்பர்தான் தாத்தா."

"பசறைக்குப் போற பஸ் எல்லாத்துக்கும் ஒரே நம்பர்தான். அதுக்காக ஒரே பஸ்சா? முன்னாடியே சொல்ல வேணாமா?"

"சொல்லணும்னு சட்டமே இருக்கு. அதான் கீழ போட்டிருக்கோம்."

"அம்புட்டுச் சின்னதாவா?"

மாலையில் கல்யாணி நடுவழி விமான நிலையத்திலிருந்து பேசினாள். "நீங்க படிச்சுச் சொல்லாட்டி, எறங்கச் சொன்னப்ப பயந்தே போயிருப்பேன்ப்பா. இப்ப அடுத்த பிளேனுக்குத்தான் உட்காந்திருக்கேன்."

எனக்கு எழுபத்தொரு வயது. போன வருடம்தான் எழுத்துக் கற்றேன். பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி சிரித்தேன்.

அந்தத் தாளில் இன்னொரு வரியும் இருந்தது. "ஒரு வழிப் பயணம்." அதையும் தப்பில்லாமல் படித்தேன். சத்தமாகப் படிக்கவில்லை.