தானாக ஏறும் திரை

மூண்டா,
பிப்ரவரி, ஞாயிறு.

அன்பு மகள் பிரான்வினுக்கு,

கணுக்கால் வீக்கத்தைத் தவிர நான் நலம், அதைப் பிறகு சொல்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் அந்த அபெர்டீன் குளிரில் எப்படி இருக்கிறீர்கள்? இங்கே கோடையின் உச்சம், பாலைவனத்துப் பக்கமிருந்து வடக்குக் காற்று அனலாக வீசுகிறது. காலையிலேயே வீட்டை இழுத்துச் சாத்திவிட்டு இருட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

பிறந்தநாள் பரிசாக வீட்டுக்கெல்லாம் புதுத் திரை போடச் சொன்னாயே, அந்தக் கடைக்காரப் பெண் வந்து துணி மாதிரிகளை மேசை முழுக்கப் பரப்பினாள். எனக்கு எல்லாம் வெள்ளையாகத்தான் தெரிந்தது, அவளோ ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சொன்னாள். படுக்கையறைக்கு வெளிச்சமே புகாத துணியாம், குளியலறைக்குப் பூசணம் பிடிக்காத பட்டிகளாம், கூடத்துக்கு மெல்லிய சல்லாத்துணியாம். ராத்திரி விளக்குப் போட்டால் சல்லா வழியாகத் தெருவுக்கே உள்ளே தெரியுமே என்றால், அதற்குப் பின்னால் இன்னொரு திரையாம். ஒரு ஜன்னலுக்கு எத்தனை திரை மகளே? மேற்குப் பக்கம் வெளியே கட்டியிருக்கிற கித்தானே போதும் என்றேன், அது பழைய பாணி என்கிறாள். வெயிலுக்குப் பாணி தெரியுமா என்ன. உன் அம்மா போட்ட லேஸ் திரையைக் கழற்றலாமா என்று கேட்டாள், யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

கடைசியில் மாதிரிக்காக அடுக்களை ஜன்னலில் மட்டும் ஒரு மோட்டார் திரை மாட்டிவிட்டுப் போனாள். விடிந்தால் தானாக ஏறும், பொழுது சாய்ந்தால் தானாக இறங்கும். முதலில் எனக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. உனக்குத் தெரியுமோ தெரியாதோ, உன் அம்மா போனதிலிருந்து எனக்கும் எதிர் வீட்டு டல்சிக்கும் ஓர் ஏற்பாடு. காலையில் எழுந்ததும் அவரவர் அடுக்களைத் திரையை ஏற்றிவிட வேண்டும், எந்த வீட்டில் ஏறவில்லையோ அங்கே மற்றவர் சாவியோடு போய்ப் பார்க்க வேண்டும். இந்தத் தெருவில் தனியாக இருக்கிற எல்லோரும் அப்படித்தான். போன செவ்வாய்க்கிழமை விடிகிற நேரத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்தேன், கணுக்கால் பிசகி எழுந்திருக்க முடியவில்லை. திரை ஏறாவிட்டால் டல்சி வந்துவிடுவாள் என்று தைரியமாகக் கிடந்தேன். அப்போதுதான் அடுக்களையில் அந்த மோட்டார் உர்ரென்று ஓடுகிற சத்தம் கேட்டது. பயந்துபோய்விட்டேன் மகளே.

மத்தியானம் கறி அடைத்துச் சுட்ட பேஸ்டி கொடுக்க வந்தபோதுதான் டல்சி என்னைப் பார்த்தாள். "திரை ஏறிடுச்சேன்னு நான் பாட்டுக்கு உன் ஜன்னலுக்குக் கையாட்டிட்டு கிளப் புல்தரைக்குப் பந்து உருட்டி விளையாடப் போயிட்டேனேய்யா! உன் வீட்ல உனக்கு முன்னாடி ஜன்னல் முழிச்சுக்குதா?" என்று திட்டிக்கொண்டே தூக்கிவிட்டாள், அழவும் செய்தாள். இப்போது மோட்டார் வயரைப் பிடுங்கிவிட்டு, ஜன்னலில் ஒரு பழைய துண்டைத் தொங்கவிட்டிருக்கிறேன். காலையில் அதைக் கழற்றினால் டல்சி கையாட்டுகிறாள்.

ஆசையாகத் தந்த பரிசை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்றுதான் இவ்வளவு குழப்பம். மற்ற அறைகளுக்கு நீயே தேர்ந்தெடு, எந்த வெள்ளையானாலும் சரி. லேஸ் திரை மட்டும் இருக்கட்டும். அடுக்களைக்கு நானே கயிறு பிடித்து இழுக்கிற திரை போதும். அது ஏறாத காலையில் டல்சிக்குத் தெரியும், டல்சிக்குத் தெரிந்தால் உனக்குத் தெரியும்.

இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள். டல்சியின் போன் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், மறக்காமல் குறித்து வைத்துக்கொள்.

நாளைக் காலையும் துண்டைக் கழற்றப்போகும்
உன் அப்பா,
லென்