மாதிரித் தண்ணீர்

அன்புள்ள சின்னவளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்திகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துத்தான் ஆரம்பிக்கிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம். நம் வீட்டில் மட்டும் சுகம், அதை எழுதத்தான் கை கூசுகிறது. போனில் சொல்லப் பார்த்தேன், நீ லேபில் வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டாய், ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை, புதன்கிழமை ஒரு தடவை, நான் மறக்கவில்லை, இருக்கட்டும்.

எதிர்வீட்டுத் தையற்காரியின் மருமகள் போய்விட்டாள். வயிற்றில் ஏழு மாதம். தெருவில் பதினொரு பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது, மற்றவர்கள் எழுந்து நடமாடுகிறார்கள், பிள்ளையைச் சுமந்தவளால் முடியவில்லை. தையற்காரியோடு நான் பேசிப் பத்தொன்பது வருஷம். நீ முதல் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகத் தைக்கக் கொடுத்த சட்டையின் கையைக் குட்டையாக வெட்டிவிட்டு, கடை நிறைய ஆள் இருக்கும்போது, என்ன செய்யறது, உம் பொண்ணுக்குக் கை நீளம் என்று சொல்லிச் சிரித்தவள் அவள். ஆனாலும் அந்தச் சாவு என் கையால் வந்தது. எப்படி என்று சொல்கிறேன், நடுவில் நிறுத்தாமல் படி.

மழைக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொன்றேகால் மணிக்கு, ஆராய்ச்சிக்காரர்கள் என்று மூன்று பேர் வந்தார்கள். அதில் கண்ணாடி போட்டவனுக்கு இடது கால் பூட்ஸ் கயிறு அவிழ்ந்திருந்தது. தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கிறோம், தெருவுக்கு ஒரு வீடு, சீட்டுக் குலுக்கியதில் உங்கள் வீடு வந்தது என்றான். தையற்காரி எதிர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு குப்பியைக் கொடுத்து, தண்ணி மாதிரி எடுத்துக் குடுங்கம்மா என்று சொல்லிவிட்டு அவன் வாசலிலேயே போனை நோண்டிக்கொண்டு நின்றான். மாதிரி என்றால் எனக்குத் தெரிந்தது நீ படித்த மாதிரிப் பள்ளிதான். இருப்பதிலேயே நல்லது, மற்றவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ள வைத்தது. தண்ணீரிலும் அப்படி ஒன்றைக் கேட்கிறான் என்று நினைத்தேன். அன்று குழாயில் கலங்கலாக வந்தது, லேசாகச் சாக்கடை வாடை வேறு. அதையா நம் வீட்டு எண் எழுதிய குப்பியில் ஊற்றிக் கொடுப்பது? குப்பியை வெந்நீரில் அலசி, காலையில் கொதிக்கவைத்து ஆறவைத்து வெள்ளைத் துணியில் வடிகட்டிய தண்ணீரை ஊற்றினேன். அவன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, பளிங்கு மாதிரி இருக்கும்மா என்றான். அந்த மாதிரியும் எனக்கு இனித்தது.

இருபதாம் நாள் முத்திரை போட்ட காகிதம் வந்தது. கிருமி இல்லை, அப்படியே குடிக்கலாம். தெருமுனைச் சுவரில் ஒட்டினார்கள், தெருவே கொதிக்கவைப்பதை நிறுத்தியது. நான் நிறுத்தவில்லை, புத்தியால் அல்ல, உன் அப்பாவுக்கு வெந்நீர்தான் தொண்டையில் இறங்கும். அந்த மருமகள் பெண் ஒரு நாள் என்னைப் பார்த்து, இன்னுமா அடுப்பை எரிக்கிறீங்க அத்தை, மெஷின்லயே போட்டுப் பாத்துட்டாங்க, படிச்சவங்க சொன்னா கேளுங்க என்று சிரித்தாள். அந்த வீட்டில் மாமியாருக்குத் தெரியாமல் என்னோடு பேசுகிறவள் அவள் ஒருத்திதான். எதிரி வீட்டுப் பெண்ணுக்கு என்ன பதில் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். கொதிக்கவைத்தே குடி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

காமாலையில் அவள் போன பிறகு கண்ணாடிக்காரன் மறுபடி வந்தான். தண்ணியில தப்பே இல்லீங்க, மாதிரி எடுத்துப் பாத்தாச்சு, இந்த வீட்டுக் குழாயில நேராப் புடிச்சது என்று நம் வீட்டைக் கைகாட்டினான். அப்போதுதான் விளங்கியது, மாதிரி என்றால் நல்லது இல்லை, இருக்கிறபடி இருப்பது. நேராகப் பிடித்ததை அவன் எந்தக் கண்ணால் பார்த்தான் என்று கேட்க வாயெடுத்தேன், என் குற்றம் அந்த வாயை அடைத்துவிட்டது. மெஷின் பொய் சொல்லாது என்பாயே, சொல்லவில்லை, நான் கொடுத்த தண்ணீரைப் பற்றி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

நேற்றுக் காலை தெருவைத் தாண்டிப் போனேன். தையற்காரி மெஷினில் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. குப்பியைக் கழுவினியா என்று மட்டும் கேட்டாள். கழுவினேன் என்றேன். கழுவுவே, உன் வீட்டுப் பவிசு அப்படி என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். ஊசியில் நூல் இல்லை. துணியும் இல்லை. நான் திரும்பி வரும்வரை மிதித்துக்கொண்டே இருந்தாள்.

அங்கிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் ஆபீசுக்குப் போனேன். வாய்ச்சொல் செல்லாது பாட்டி, எழுத்தில குடுங்க என்கிறான் கண்ணாடிக்காரன். காகிதம் இன்னும் சுவரில் இருக்கிறது. கொத்தனார் வீட்டில் இன்னும் அதை நம்பிப் பச்சைத் தண்ணீர்தான் குடிக்கிறார்கள், நான் சொன்னால் உங்களை நம்பவா முத்திரையை நம்பவா என்கிறார். அவர் மனைவிக்கு ஐந்து மாதம். என் மூன்றாம் வகுப்பு எழுத்தை ஆபீசில் யார் மதிப்பார்கள், நீ அவர்கள் பாஷையில் எழுதி அனுப்பு. அறியாமல் செய்துவிட்டாள் என்று போடாதே. பாதிதான் அது. பெருமைக்குச் செய்தாள் என்றும் போடு, என் பேரை முழுதாகப் போடு.

நீயும் அங்கே லேபுக்காகக் குப்பியில் தண்ணீர் வாங்கப் போனால் வாசலில் நிற்காதே, உள்ளே போய் நின்று பிடி. பேத்திகளுக்கு என் முத்தம், நீங்கள் நாலு பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் இருக்க வேண்டும். இது கைக்கு வந்த அன்றே எழுது. ஐந்து மாதம் ஏழாகக் காத்திருக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா