வண்டி கிளம்பாத புதன்கிழமை

சேவூர்,
திங்கட்கிழமை.

அன்பு மகள் சத்யப்ரியாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்த ஊர்க் குளிரில் சளி, இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா. இங்கே அம்மா சுகம், நானும் படுத்தபடியே சுகம், இத்தனை நாளாக உன் வண்டிதான் சுகமில்லாமல் கிடந்தது. போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் உன் அம்மாதானே போனை என் காதில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அவளை வைத்துக்கொண்டு இதைப் பேச முடியாது. அதனால் மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் அட்டையை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உனக்குத் தெரியும், முதுகில் ஆபரேஷன் செய்த டாக்டர் உட்காரவே கூடாது, போன புதன்கிழமை படுத்தபடியே வேலூருக்கு வரச் சொல்லி, பார்த்துவிட்டு எழுந்து நடக்கச் சொல்கிறேன் என்றிருந்தார். அவர் சொல்கிறவரை நான் கட்டிலை விட்டு இறங்க முடியாது. ஒன்றுக்கு, இரண்டுக்கு எல்லாம் கட்டிலிலேயே தட்டு வைத்து, உன் அம்மா கையால்தான். த்தூ, அறுபத்து மூன்று வயதில் இது ஒரு பிழைப்பா. ஒவ்வொரு தடவையும் நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன், அது வந்து நின்றால் நம் தெருக்காரர்கள் மாலையே வாங்கி வந்துவிடுவார்கள். அப்போதுதான் உன் வண்டி ஞாபகம் வந்தது. ஊர் சுற்றப் போகிறோம் என்று நீங்கள் அந்தப் பழைய வேனை வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்து, பிறகு வெளிநாடு போகிறோம் என்று என் வாசலில் நிறுத்திவிட்டுப் போனீர்களே, வீடு வாசல் இருக்கும்போது வண்டியில் தூங்க ஆசைப்படுகிற ஜென்மங்களா என்று அன்றைக்கு எவ்வளவு பேசினேன். கடைசியில் எனக்கே அந்தக் கட்டில்தான் கதி என்றாகிவிட்டது.

புதன்கிழமை காலையில் நாலு பேர் என்னைத் தூக்கி வண்டிக்குள் படுக்க வைத்தார்கள். உன் மாமன் சின்னக்கண்ணு சாவியைத் திருப்பினான். டக். அவ்வளவுதான். மறுபடி திருப்பினான், மறுபடி டக். ஹார்ன் அடிக்கிறது, லைட் எரிகிறது, இன்ஜின் மட்டும் சுற்றவில்லை. தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம் என்றால் தெரு நீளத்துக்குத் தறிக்கான பட்டுப் பாவு நூலை நீட்டி வைத்திருக்கிறார்கள், அதைச் சுற்றி எடுப்பதற்குள் டாக்டர் எழுந்து போயிருப்பார். மறுபடி அடுத்த புதன்தான். என்னைத் திரும்பத் தூக்கி வந்து அதே கட்டிலில் போட்டார்கள், உன் அம்மா அதே தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். எனக்கு வந்த அருவருப்பை என்னவென்று எழுதுவது.

மெக்கானிக் அன்பரசு வந்தான். வாயில் எதையோ மென்று வாசலெல்லாம் துப்பிக்கொண்டு, காதில் போனை இடுக்கிக்கொண்டு, ஹார்னை ஒரு தட்டு தட்டிவிட்டு, 'பாட்டரி நல்லாகீதுண்ணா, செல்ஃப் மோட்டாருதான் பூட்ச்சி' என்று சொல்லி, இன்ஜினைச் சுற்றிவிடுகிற அந்த மோட்டாரைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஆரணிக்குப் போய்விட்டான். சின்னக்கண்ணு அதற்கும் மேலே, 'கண்ணு பட்டுட்ச்சி மாமா' என்று எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டான். இவன்கள் எல்லாம் வண்டியைத் தொடுகிற காலம் வந்துவிட்டதே என்று எனக்கு வாய்க் கசப்பு தாங்கவில்லை. களம்பூர் மில்லில் முப்பத்தோரு வருஷம் லாரி ஓட்டினவன் நான், எந்த மெக்கானிக்கையும் எதிர்பார்த்து நடுரோட்டில் நின்றவன் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை செல்ஃப் மோட்டாரைப் புதுக் கம்பி சுற்றிக் கொண்டுவந்து மாட்டினான். டக். கொஞ்சமும் கூசாமல் இன்ஜினே இறுகிவிட்டது, இறக்கிப் பார்க்க வேண்டும் என்கிறான். ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. புதன்கிழமை நான் படுத்திருந்தபோது தலைக்கு மேல் ஒரு சின்ன லைட் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது, சாவியைத் திருப்பினதும் பட்டென்று செத்தது, விட்டதும் பிழைத்துக்கொண்டது. பாட்டரியில் பவர் குறைந்தால் லைட் மங்கும், இப்படி ஒரேயடியாகச் சாகாது. அப்படியென்றால் பாட்டரியின் ஈயக் குமிழுக்கும் அதில் மாட்டுகிற கிளிப்புக்கும் நடுவில் ஏதோ அடைத்திருக்கிறது, லைட்டுக்கும் ஹார்னுக்கும் போதுமான கொஞ்சம் கரண்ட்தான் வருகிறது. இந்த டெர்மினலைக் கழற்றிப் பார்க்கக்கூடத் துப்பில்லையா உங்களுக்கு என்று கத்தினேன். அன்பரசு சொன்னான், 'பூஜை போட்டுப் பொட்டு வெச்சிகிறீங்க, அத்த எப்டிண்ணா கலைக்கறது'.

உன் அம்மாதான் போய் ஸ்பானரை வாங்கிக் கழற்றினாள், கிளிப்பை அப்படியே கொண்டுவந்து என் கண் முன்னால் நீட்டினாள். உள்ளே சந்தனம் காய்ந்து ஓடாகப் பிடித்திருந்தது. அதை வைத்தது யார் என்று கேட்கிறாயா. ஆயுத பூஜை அன்றைக்கு சார்ஜ் போட்டு வந்த பாட்டரி. மேலாகத் தொட்டு வைக்கப் போன உன் அம்மாவை, 'பேருக்கு வெக்காத, குமிழு முழுக்க நல்லா பூசு' என்று அதட்டியது நான். ஈரம் காய்வதற்குள் கிளிப்பை மாட்டி இறுக்கியது நான். அதற்கு முன்னால், உனக்கு என்னடா தெரியும், தள்ளு என்று சின்னக்கண்ணுவை விலக்கிவிட்டு அந்தப் பாட்டரியைத் தனியாளாகத் தூக்கி வைத்து முதுகைப் போக்கிக்கொண்டதும் நானேதான். நாலு நாளாக அடுத்தவனைக் காறித் துப்பினேன், எல்லாம் மல்லாந்து படுத்துத் துப்பினது.

சாம்பாரில் உப்பு குறைவு என்று நான் சொன்னாலே ஊரைக் கூட்டுகிறவள் உன் அம்மா, இதற்கு ஒரு வார்த்தை பேசவில்லை. பிளேடால் சுரண்டினாள், துணியால் துடைத்தாள், மாட்டச் சொன்னாள். சாவியைத் திருப்பினதும் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. தெருவே வந்து என்ன கோளாறு என்று கேட்டது. 'எலி ஒயர கட்ச்சிட்ச்சி' என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு, உள்ளே வந்து தட்டை எடுத்துவிட்டு என்னைத் திருப்பிப் படுக்க வைத்தாள். அப்போதாவது திட்டியிருக்கலாம் பாவி.

வருகிற புதன்கிழமை போகிறோம், இந்த வாரம் பாவு நீட்டுவது எதிர்ச்சாரியில்தான், வண்டிக்கு வழி இருக்கிறது. நீ அங்கே வண்டி வாங்கினால் சந்தனப் பொட்டைக் கண்ணாடியில் வைப்பதோடு நிறுத்திக்கொள். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். இதை ஒட்டித்தான் தபாலில் போடச் சின்னக்கண்ணுவிடம் கொடுக்கிறேன், பிரித்திருந்தால் எனக்கு எழுது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது வண்டிக்கு என்ன ஆச்சு என்று அம்மாவிடம் மறக்காமல் கேள். எலி என்பாள். நீயும் அப்படியா என்று கேட்டுக்கொள். அந்த எலிக்கு அவள் இன்னும் வேளாவேளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
வேடியப்பன்.