மூடியது நான்தான்

நவம்பர் 12, புதன்

இன்று வீட்டில் இருந்தவர்கள்: என் மகன் அர்ச்சுனன், மருமகள் சசிகலா, அவள் தம்பி ஜீவானந்தம், பேத்தி நதியா, நான். அர்ச்சுனன் கல்யாணத்தில் ரசம் ஆறிப்போச்சு என்று இலையைத் தள்ளிவிட்டு எழுந்து போனவன் இந்த ஜீவானந்தம். மறப்பேனா?

நதியாவுக்கு மத்தியானம் ஓசூர் கம்பெனி வேலைக்கு லேப்டாப்பில் பரீட்சை. திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நான் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தேன், உமி உள்ளே பறந்தது. எழுந்து போய் லேப்டாப்பை மூடினேன். தினமும் மூடுவதுதானே. 'மூடினா தூங்கும் ஆயா, தொறந்தா முழிச்சிக்கும்' என்று அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்.

இன்று திறந்தால் முழிக்கவில்லை. உள்ளே காற்றாடி சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டு. பரீட்சை போயிற்று.

"உன் கையி சும்மாவே இருக்காதா? இன்னாத்த தட்டுன?" என்றான் அர்ச்சுனன்.

"உருட்டறதுக்கு வூட்ல பூனை வேற தனியா வளக்கணுமா மாமா" என்று ஜீவானந்தம் சிரித்தான்.

மூடியது நான்தான் என்றேன். வேறெதையும் தொடவில்லை என்றும் சொன்னேன். இரண்டாவது யார் காதிலும் விழவில்லை.

நவம்பர் 13

என் பாயைச் சாமை மூட்டை அறையில் போட்டுவிட்டார்கள். லேப்டாப் இருக்கும் அறைக்கு நான் போகக்கூடாதாம். இந்த வீட்டுச் சுவருக்கு மண் மிதித்தவள் நான்.

நவம்பர் 15

குளிரில் கால் விறைக்கிறது. நதியா டீ கொண்டுவந்தாள். அர்ச்சுனன் முறைத்ததற்கு, "வுடுப்பா. ஆயா வேணும்னா செஞ்சாங்க? நானே மன்னிச்சிட்டேன், உனுக்கு இன்னா" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒருத்தியாவது இருக்கிறாள்.

கம்பெனிக்காரன் இன்னொரு நாள் கொடுத்திருக்கிறானாம். பட்டனை அமுக்கியே பிடித்தால் லேப்டாப் வருகிறது. தூங்கவிட்டால் மறுபடி எழுவதில்லை. பரீட்சை நடுவில் தூங்கிவிட்டால்? போளூரில் ஸ்டீவ் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். விற்றவன் அவன்தான்.

நவம்பர் 18, செவ்வாய்

நானும் போனேன். "கெடுத்தவ நீ, நீயே மடியில வெச்சிக்கினு போ" என்று அனுப்பினான் அர்ச்சுனன். மலை இறங்கும் வரை பிள்ளையைப் போலப் பிடித்துக்கொண்டேன்.

இது பழைய பெட்டி, இதற்குப் புது சிஸ்டம் கிடையாது என்று செய்தவர்களே கைவிட்டுவிட்டார்களாம். பரீட்சைக்குப் புதுசு வேண்டும் என்று நதியா கேட்டதால் ஸ்டீவ் எப்படியோ ஏற்றியிருக்கிறான். தூங்கினால் எழுவதற்கென்று அவனே உள்ளே ஒன்றை மாற்றியும் வைத்திருக்கிறான்.

"அப்டேட் குடுத்தா நான் செஞ்சது அழிஞ்சிடும், குடுக்காதன்னு சொன்னேன்ல? ஏம்மா குடுத்த?"

நதியா என் பக்கம் திரும்பவில்லை. "ஆயா எதையாவது தட்டியிருப்பாங்கண்ணா."

"பாஸ்வேர்டு போடாம அப்டேட் ஆவாது. அதுக்குத்தான் பூட்டு வெச்சேன். ஏன் ஆயா, பாஸ்வேர்டு இன்னா, சொல்லு பாக்கலாம்" என்று சிரித்தான்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

சரிசெய்தான். என்னையே மூடித் திறக்கச் சொன்னான். வெளிச்சம் வந்தது. டீ வாங்கித் தந்தான்.

பஸ்ஸில் அழுதாள். "கேமரா வரலன்னு முந்தின நாளு நான்தான் அப்டேட் குடுத்துட்டேன் ஆயா. அப்பாவுக்குத் தெரிஞ்சா வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம்னுடும். சொல்லிடாத."

நான் சொல்லமாட்டேன், அன்றைக்கு இருந்தவர்கள் முன்னால் நீ சொல் என்றேன்.

"பரீட்ச முடியட்டும், சொல்றேன்."

பாய் இன்னும் மூட்டை அறையில்தான்.

நவம்பர் 24

பரீட்சை முடிந்தது. நடுவில் திரை தூங்கி, தட்டியதும் முழித்துக்கொண்டதாம். சசிகலா சாமைப் பாயசம் வைத்தாள். எனக்கு ஒரு டம்ளர் மூட்டை அறைக்கு வந்தது. சொல்வாள், சொல்வாள் என்று அவள் குரலுக்கே காது வைத்துக்கொண்டிருந்தேன். என்னென்னவோ பேசினாள்.

நவம்பர் 25

சொல்லவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

வேலை கிடைத்துவிட்டது. காலை பஸ்ஸுக்குக் கிளம்பினாள். பை தூக்க ஜீவானந்தம் வந்திருந்தான். அன்றைக்கு இருந்த எல்லோரும் வாசலில். என் காலில் விழுந்தாள்.

"ஆயாவால போவ இருந்த வேலை. எப்படியோ கெடச்சிச்சு" என்றான் அர்ச்சுனன்.

இதைவிட வேறு நேரம் எப்போது வரும்? அவள் எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு, "வுடுப்பா, அதான் அன்னிக்கே மன்னிச்சிட்டேனே" என்றாள்.

நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் பையைப் பிடுங்கி உள்ளே வீசியிருப்பான். போகட்டும், அவளாவது நாலு காசு பார்க்கட்டும். விபூதி வைத்துத்தான் அனுப்பினேன்.

அர்ச்சுனன் தெரியாமல் பேசினான். சசிகலா பேசவே இல்லை. ஜீவானந்தம் ரசத்துக்கே அப்படிக் குதித்தவன், அவனிடம் என்ன எதிர்பார்ப்பது. இவர்களை எல்லாம் என்றைக்காவது மன்னித்துவிடுவேன்.

நதியாவை மாட்டேன்.