பதினாறு மணித்தியாலம்

லண்டன்
2.8.1974

அன்புள்ள தங்கச்சி மீனாம்பிகைக்கு,

அம்மன் துணையால் நாங்கள் மூவரும் சுகம். அப்பாவுக்கு நெஞ்சில் நீர் கட்டியிருப்பதாக நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. விமானக் கந்தோருக்குப் போய் எல்லாம் விசாரித்துவிட்டேன். இங்கிருந்து கட்டுநாயக்கா ஐயாயிரத்து நானூறு மைல். வழியில் இரண்டு இடத்தில் நின்று வந்தாலும் பதினாறு மணித்தியாலம்தான். அங்கிருந்து பலாலிக்குச் சின்ன விமானம், ஒரு மணித்தியாலம். பிறகு கார் பிடித்தால் அரை மணியில் வீடு.

ஏதும் நடந்தால் உடனே தந்தி அடி. உடல் கெடாமல் மருந்தேற்றி இரண்டு நாள் வைத்திரு. ஒரே மகன், நான் வந்துதான் கொள்ளி வைப்பேன்.

அண்ணை,
தியாகலிங்கம்

வல்வெட்டித்துறை
14.8.1974

அன்புள்ள அண்ணைக்கு,

கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொள்ளி வைக்கிற வரியை மட்டும் விழுங்கிவிட்டேன். முப்பது வருடம் பாய்க்கப்பலில் தண்டையலாக நின்று கப்பலோட்டி ஆட்களை மேய்த்தவரிடம் எதை மறைப்பது? மிச்சத்தையும் வாசி என்றார். வாசித்தேன்.

"செத்தாப் பிறகு வந்து அவன் என்னோடை கதைக்கப் போறானோ? இப்ப வரச் சொல்லு" என்றார்.

தாய்க்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டு, பர்மாவின் அக்கியாப்பிலிருந்து இருபத்தெட்டு நாள் கடலில் கிடந்து வந்த மனிதர் அவர். உங்களுக்குப் பதினாறு மணித்தியாலம். வாருங்கள் அண்ணை. உங்களுக்குப் பிடித்த பாரைமீன் குழம்பு வைத்துத் தருகிறேன்.

உங்கள் தங்கை,
மீனாம்பிகை

லண்டன்
5.9.1974

அன்புள்ள தங்கச்சிக்கு,

கோபிக்காதே. லீவும் டிக்கெட்டும் எனக்கு வருடத்தில் ஒரு பயணத்துக்குத்தான் தாங்கும். இப்போது வந்து போனால் அந்த நாளுக்கு வரமுடியாது. கொள்ளி வைக்க மகன் வரவில்லை என்று ஊர் காலாகாலத்துக்கும் கதைக்கும். அப்பாவுக்கு நீதான் எடுத்துச் சொல்லவேண்டும். பெட்டி அடுக்கி வைத்திருக்கிறேன். தந்தி கண்ட அன்றே புறப்படுவேன்.

அண்ணை,
தியாகலிங்கம்

வல்வெட்டித்துறை
3.10.1974

அண்ணைக்கு,

அப்பா போன சனிக்கிழமை விடியற்காலை காலமாகிவிட்டார். மருந்தேற்றவில்லை. அன்று பின்னேரமே எடுத்துவிட்டோம்.

யார் கொள்ளி வைப்பது என்று முற்றத்தில் சச்சரவு வந்தது. பெரியப்பாவின் மகன் முத்துக்குமாரு முன்னுக்கு வந்தார். நான் விடவில்லை. பெண்கள் வாசல் படலையோடு நிற்கவேண்டும் என்றார்கள்.

"மூண்டு மாசமா அவரைத் தூக்கிக் கழுவினது நான். இதையும் நான்தான் செய்வன்" என்று சொல்லி, கொள்ளிக்குடத்தை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு சுடலைக்கு நடந்தேன். வழி முழுக்க அழுதேன். கொள்ளியையும் நானே வைத்தேன். ஊர் இப்போது என்னைப் பற்றிக் கதைக்கிறது. கதைத்துக் களைக்கட்டும்.

கடைசிக் கிழமை முழுக்க, வானத்தில் விமானம் இரைந்தால் அப்பா படலையைப் பார்ப்பார். அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இது உங்கள் கைக்கு வரும்போது எட்டாம் நாள் எட்டுச் செலவும் முடிந்திருக்கும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியையும் நானே செய்வேன்.

ஏன் தந்தி அடிக்கவில்லை என்று கேட்பீர்கள். அடித்திருந்தால் நீங்கள் வந்திருப்பீர்கள். அதனால்தான் அடிக்கவில்லை.

மீனாம்பிகை