கௌஷிக் வந்து கையெழுத்துப் போட வேண்டிய இடம்

ஔந்த், புனே
8-11-2005

அன்புள்ள கௌஷிக் கண்ணுக்கு அம்மா எழுதறது. இங்க நானும் அப்பாவும் முழங்கால் வலி, தீபாவளிப் பலகாரம், வழக்கமான சண்டை எல்லாத்தோடயும் சௌக்கியமா இருக்கோம். நீயும் அம்ருதாவும் அந்த சிகாகோ குளிருக்கு நல்லா போர்த்திக்கிட்டு சௌக்கியமா இருக்கணும்னு தினமும் வேண்டிக்கறேன். போன் இருக்கறப்ப எதுக்கு லெட்டர்னு கேட்காதே. போன் பண்ணினா நீ கார் ஓட்டிக்கிட்டிருக்கேன்னு சொல்லுவே, இல்லைன்னா அப்பா பக்கத்துல நின்னுக்கிட்டு என்ன சொல்றான் என்ன சொல்றான்னு என் தோளைச் சுரண்டுவாரு. இதை நான் முழுசாச் சொல்லணும், அதான் பேனா எடுத்தேன்.

முதல்ல கடை விஷயம். ரெண்டு வருஷம் முந்தி லீவுல வந்து, ஔந்த் மாறிப்போச்சும்மா, ஐடிக்காரங்க வந்துட்டாங்க, இனிமே எல்லாரும் இத்தாலிச் சமையல்தான்னு சொல்லி, ரிட்டயர் ஆன மனுஷனுக்கு இத்தாலிச் சமையல் சாமான் விக்கற ஒரு கடையை வெச்சுக் குடுத்துட்டு, ரெண்டு வருஷம் பார்த்துக்குங்க நான் வந்து எடுத்துக்கறேன்னு பிளேன் ஏறினியே, அந்தக் கடை ஜம்முனு நடக்குது. நீ நினைச்சபடி நடக்கலை, அவ்வளவுதான். நீ அனுப்பின பிட்சா வெட்டற சக்கரம் இத்தனை நாளும் தூசி தின்னுக்கிட்டிருந்துச்சு. இந்தத் தீபாவளிக்கு நான் கடையிலயே மாவைத் தேய்ச்சு அந்தச் சக்கரத்தால சங்கர்பாளி வெட்டிக் காட்டினேன், அதான் நம்ம ஊரு இனிப்புத் துக்கடா, இங்க மராட்டிக்காரங்களுக்கு அது இல்லாம தீபாவளியே கிடையாது. மூணே நாள்ல சக்கரம் மொத்தமும் வித்துப்போச்சு. ஐஸ்கிரீம் அள்ளற கரண்டி லட்டு பிடிக்கப் போகுது, எல்லா லட்டும் ஒரே அளவு. இலையைப் போட்டுச் சுத்தி ஈரம் எடுக்கற உன் சாலட் டப்பாவுல ஔந்த் பூரா கொத்தமல்லி சுத்துது. ஆலிவ் ஆயிலைச் சாலட் மேல சொட்டு சொட்டா விடணும்னு சீட்டு எழுதி ஒட்டிட்டுப் போனே பாரு, அது வானவடி மிலிட்டரிக் குவார்ட்டர்ஸ்ல பொறக்கற ஒவ்வொரு குழந்தையோட உச்சந்தலையிலயும் சொட்டுது. மருமகளுக்கு ஏழாம் மாசம் ஆனதும் மாமியாருங்க ஆட்டோ புடிச்சு வந்து வாங்கிட்டுப் போறாங்க. அப்பாவுக்குத்தான் இதெல்லாம் ஆகவே ஆகாது. எந்தச் சாமான் எதுக்குன்னு நீ டைப் அடிச்சுக் குடுத்த காகிதத்தைக் கையில வெச்சுக்கிட்டு, மேடம் இது பிட்சாவுக்கு மேடம்னு வாங்க வந்தவங்களைத் திருத்தி அனுப்பறாரு. நான் கவுன்ட்டருக்குக் கீழ காலை மிதிச்சு அடக்க வேண்டியிருக்கு. நாங்க ரெண்டு பேரும் வாயில வெச்சே பார்க்காத சீஸுக்கு அவரு வேர்க்கடலை வாசம் அடிக்கும்னு சத்தியம் பண்றாரு, கேட்டா உன் காகிதத்துல போட்டிருக்காம்.

அந்த இத்தாலிக் காபி மெஷின் மட்டும் இன்னும் போகலை. வாங்க ஆள் வராம இல்லை. போன மாசம் ஒரு கேப்டன் வந்து எடுத்துக்கறேன்னாரு. உங்கப்பா, இது என் பையன் வந்து ஓட்டிக் காட்டறதுக்கு வெச்சிருக்கு, வர்ற டிசம்பர்ல வர்றான், அதுக்கப்புறம் வாங்கன்னு சொல்லி அனுப்பிட்டாரு. விக்க வெச்ச சாமானை விக்கமாட்டேங்கற கடைக்காரரை நீ எங்கயாவது பார்த்திருக்கியா? தினம் காலையில மஞ்சத் துணியால துடைக்கறாரு, சாமி படத்தைக்கூட அப்புறம்தான்.

கடை வாடகை ஒப்பந்தம் டிசம்பரோட முடியுது. ஓனர் வைஷாலி நல்ல பொம்பளை, இன்னும் அஞ்சு வருஷத்துக்குக் காகிதம் தயார் பண்ணிட்டாங்க. அப்பா அதுல உன் பேரைப் போடச் சொல்லி, பையன் வந்து கையெழுத்துப் போடுவான்னு ரெண்டு மாசமா இழுத்தடிச்சாரு. செல்போன் கடைக்காரன் ஒருத்தன் அந்த இடத்துக்கு அலையறானாம், இந்த மாசம் பதினஞ்சுக்குள்ள முடிவு சொல்லுங்கன்னு வைஷாலி சொல்லிட்டாங்க. உனக்கு லெட்டர் போடலாம்னு நான் யோசிச்சுக்கிட்டிருக்கறப்பதான் தீபாவளியன்னிக்கு அம்ருதா போன் பண்ணினா. அப்பா கடையில இருந்தாரு. புது வீட்டுக்குப் பால் காய்ச்ச கார்த்திகையில எந்த நாள் நல்லது அத்தை, பால் எந்தப் பக்கம் பொங்கணும்னு கேட்டா. எந்த வீடு, யாரு வீடுன்னு எனக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவே இல்லை. நாலு பெட்ரூமாமே, பின்னால தோட்டமாமே. நான் ஒண்ணும் காட்டிக்காம காலண்டரைப் பார்த்து வியாழக்கிழமை சொல்லி, கிழக்குப் பக்கம் பொங்கட்டும்னும் சொல்லிட்டு வெச்சுட்டேன். நீ எங்களுக்குச் சொல்லியிருப்பேன்னு அவ நினைச்சிருக்கா, பாவம், அவளை ஒண்ணும் சொல்லிடாதே.

அப்புறம் உட்கார்ந்து அழுதேன் கண்ணு. நீ வீடு வாங்கினதுக்கு இல்லை, அது எனக்குப் பெருமைதான். நீ வரமாட்டேன்னு எனக்கு ஒரு வருஷமாவே தெரியும். கேட்டா பதில் வந்துடுமேன்னு பயந்து கேட்காமயே இருந்தேன், நீயும் அதே பயத்துலதான் சொல்லாம இருந்திருப்பே. நேத்து வைஷாலி வீட்டுக்குப் போய் உன் பேரை அடிச்சுட்டு என் பேரை எழுதச் சொல்லி, நீ போட வேண்டிய இடத்துல நான் கையெழுத்துப் போட்டுட்டேன். யாருக்காகவும் இல்லை. எனக்கு இந்தக் கடை பிடிச்சுப்போச்சு. முப்பத்தஞ்சு வருஷம் சமைச்சேன், ஒருத்தரும் என்னை ஒரு வார்த்தை யோசனை கேட்டதில்லை. இப்ப பாஷாண் ஏரியாவுலயிருந்து ஸ்கூட்டர்ல வந்து விசாலம் ஆன்ட்டி இது எதுக்கு ஆகும்னு கேட்கறாளுங்க. அதனால கடைக்காக நீ வரணும்கற கவலை உனக்கு இனிமே வேண்டாம். எங்களைப் பார்க்கணும்னு தோணினா வா.

ஆனா அப்பாகிட்ட நான் எதுவும் சொல்லலை. காகிதத்தைப் பட்டுப்புடவைக்குக் கீழ வெச்சிருக்கேன், வைஷாலிகிட்டயும் இப்ப சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டேன். அவரு இன்னிக்குக் காலையிலயும் மெஷினைத் துடைச்சாரு. நீ வரலைங்கறதை நான் சொல்லி அவரு கேட்கக்கூடாது, நீதான் சொல்லணும்.

ரெண்டு பேரும் புது வீட்டுல நூறு வருஷம் நிறைஞ்சு வாழணும், அம்ருதா மடியில சீக்கிரமே ஒரு குழந்தை தவழணும். காதுக்குக் குல்லா போட்டுக்கோ, வெளியில சாப்பிட்டே காலம் தள்ளாதே. மறக்காம, இந்த மாசம் இருபத்தேழாம் தேதி ஞாயித்துக்கிழமை இங்க காலையில எட்டு மணிக்கு வீட்டுக்குப் போன் பண்ணு, அப்பாதான் எடுப்பாரு. எடுத்ததும் மெஷினைப் பத்தித்தான் பேசுவாரு, குறுக்கே பேசாதே, முழுசாப் பேச விடு. அப்புறம் சொல்லு, வரலைப்பான்னு. அன்னிக்கு ஒரு நாள் கடை திறக்க வேண்டாம்னு நான் முடிவு பண்ணி வெச்சிருக்கேன்.

ஆயிரம் ஆசிகளோட,
உன் அம்மா
ர. விசாலம்