துணிப்பூ கட்டிய கனடா மரம்

பாசத்தையும் எரிச்சலையும் பாதிப்பாதியாக என்னிடம் விட்டுப்போன அத்தைக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. போன செவ்வாய்க்கிழமை திதி கொடுத்தோம். வடை நன்றாக வந்தது, பாயசத்தில் நீங்கள் கேட்கிற அளவுக்கு வெல்லம் போட்டேன், காக்காயும் காக்க வைக்காமல் வந்து எடுத்தது. உங்கள் மகள் கவிதா கனடாவிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு வந்திருக்கிறாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுதத்தான் ஆசை. உங்கள் மரம் விட்டால்தானே?

அந்தக் கிராப் ஆப்பிள் மரத்தைத்தான் சொல்கிறேன். கவிதாவின் முதல் பிரசவத்துக்குக் கனடா போனபோது அவள் வீட்டு முன்னால் பார்த்தீர்களே, அது. பழம் இலந்தை அளவுதான், வாயில் வைக்க முடியாத புளிப்பு. ஆனால் சித்திரை, வைகாசியில் இலை தெரியாமல் உச்சியிலிருந்து அடிவரை ரோஸ் நிறத்தில் பூக்கும். பூவுக்காகவே வீட்டு முன்னால் வைக்கிற மரம். திருப்பூருக்கு வந்து பெட்டியைப் பிரிப்பதற்குள், அது நம் வாசலுக்கும் வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டீர்கள்.

ஊட்டிப் பக்கத்து நர்சரிக்காரர் அன்றைக்கே தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னார். அது குளிர் கேட்கிற மரம், பனி பட்டால்தான் மொட்டு வைக்கும், உங்கள் ஊர் வெயிலுக்கு இலைதான் வரும் என்றார். நீங்கள் எப்போது யார் சொல்லிக் கேட்டீர்கள்? நல்ல வெயில் படுகிற இடம் வேண்டும் என்று, தளதளவென்று நின்ற என் கறிவேப்பிலையைப் பிடுங்கிவிட்டு அங்கே குழி வெட்டினீர்கள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும் என்று மணலும் தொழுவுரமும் கலந்து போட வைத்தீர்கள். இன்றுவரை நான் கறிவேப்பிலையைக் கடையில் வாங்குகிறேன், அத்தை.

மூன்று வருடம் பார்த்தோம். மரம் என்னவோ வளர்ந்தது, இலை விட்டது. பூ மட்டும் இல்லை. மார்கழியில் ஐஸ் கடையிலிருந்து பாளம் பாளமாக வாங்கிவந்து அடியில் வைத்துச் சாக்குப் போட்டு மூடினீர்கள். தெருவில் போகிறவர்கள் வீட்டில் யாருக்கு என்ன ஆச்சு என்று பதறிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். வாசலில் நின்று பதில் சொன்னவள் நான்.

அத்தோடு விட்டிருந்தால் நான் எதற்கு இந்தக் கடிதம் எழுதப்போகிறேன்? நான்காவது வருடம் கவிதா புருஷனுக்கு அங்கே வேலை போய்விட்டது. தினமும் போனில் அழுதாள், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றாள். அவளைத் தேற்ற நீங்கள் சட்டென்று ஒன்றைச் சொல்லிவிட்டீர்கள்: "நம்மூட்டு மரமும் பூத்துருச்சு கண்ணு. நீ அங்க அதுகிட்டப் போய் நில்லு, நான் இங்க இதுகிட்ட நிக்கறேன்." அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீடியோவில் காட்டுங்கள் என்று கேட்டுவிட்டாள்.

வேறு வீடாக இருந்தால் அங்கேயே குட்டு உடைந்திருக்கும். நம் வீட்டுக்குப் பின்னாலேயே உங்கள் மகனின் பனியன் யூனிட் இருக்கிறதே. கட்டிங் டேபிளுக்கு அடியில் மூட்டை மூட்டையாக வேஸ்ட் துணி. குழந்தைகள் கவுனுக்கு வந்த ரோஸ் நிறத் துணியை எடுத்து ஐந்து இதழாக வெட்டினீர்கள். பனியன் துணியை வெட்டினால் ஓரம் தானாகச் சுருண்டுகொள்ளும் இல்லையா, அது அசல் இதழ் மாதிரியே நின்றது. எனக்கே ஒரு நிமிஷம் ஆச்சரியமாக இருந்தது. அடுத்த நிமிஷம் ஸ்டூலை என் பக்கம் தள்ளினீர்கள்.

உங்களுக்கு முழங்கால் வலி, ஏறியது நான்தான். ஓவர்லாக் நூலால் கிளை கிளையாகக் கட்டினேன். நீங்கள் கீழே நின்றுகொண்டு, அந்தக் கொம்பு மொட்டையாக இருக்கிறது, இந்தக் கொம்பில் நெருக்கமாக இருக்கிறது என்று குறை சொன்னீர்கள். காலை ஏழு மணிக்கு மாடியிலிருந்து வீடியோ. கிட்டே காட்டச் சொன்னால் சிக்னல் இல்லை. நான்கு வருடம் இதே வேலை. ஒரு வருடம் துணி வேறு லாட்டில் வந்து நிறம் வெளுத்துப்போனது. பூ ஏன் மங்கலாக இருக்கிறது என்று கவிதா கேட்டதற்கு, வெயில் ஜாஸ்தி என்று கூசாமல் சொன்னீர்கள். அவள் லீவுக்கு வந்ததெல்லாம் டிசம்பரில் என்பதால் தப்பித்தோம்.

போன சித்திரையில் பூக் கட்டுவதற்குள் நீங்கள் படுத்துவிட்டீர்கள். கவிதாவுக்கு அப்போது இரண்டாவது பிரசவ நேரம், விமானம் ஏற முடியவில்லை. உங்கள் முகத்தைக்கூட அவள் போனில்தான் பார்த்தாள். அதனால்தான் இந்தத் திதிக்கு எப்படியாவது வந்துவிட வேண்டும் என்று வந்தாள். கேட்டைத் திறந்து உள்ளே வந்தவள் உங்கள் படத்தைப் பார்க்கப் போகவில்லை. நேராக மரத்துக்கிட்டே போய் நின்றாள். சித்திரை கடைசி. மரத்தில் இலை மட்டும்தான்.

திதியன்று இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்த பிறகு, பல்லடத்திலிருந்து வந்த உங்கள் தங்கையிடம் சொன்னாள்: "எங்கம்மா இருந்த வரைக்கும் வருசா வருசம் பூத்துச்சுங்க சித்தி. ஒரு வருசம் அம்மா இல்லீன்னதும் மரத்தோட கெதியப் பாருங்க."

பந்தியே திரும்பி என்னைப் பார்த்தது. கையில் சாம்பார் வாளியோடு நின்றேன். விஷயம் தெரிந்த இன்னொரு ஜீவன் உங்கள் மகன்தான். அவர் வாயில் வடை இருந்தது. அதை மென்று முடிக்கவே அவருக்கு நேரம் போதவில்லை. அப்புறம் கேட்டால், எதுக்கு வம்பு என்று விட்டுவிட்டேன் என்கிறார். நீங்கள் வளர்த்த பிள்ளைதானே?

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உங்கள் மகளுக்காக ஒரு மரத்தையே பொய்யாகப் பூக்க வைத்தீர்கள். கூடவே இருந்த எனக்கு என்றைக்காவது ஒரு நல்ல வார்த்தை? ரசம் வைத்தால் புளி தூக்கல், கோலம் போட்டால் கோணல். ஆஸ்பத்திரியில் உங்களுக்குத் தலை வாரிவிட்டேன். நர்ஸைக் கூப்பிட்டு, சீப்பை அழுத்திப் பிடிக்கிறாள் என்று புகார் சொன்னீர்கள். உங்களைக் காப்பாற்ற நான் எதற்கு ஊர்ப் பழியைச் சுமக்க வேண்டும்?

மறுநாள் காலையில் முடிவு செய்துவிட்டேன். பீரோவின் அடித்தட்டில் துவைத்து வைத்திருந்த துணிப்பூக்களைக் கட்டைப்பையோடு எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். கவிதா மரத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். பையைத் திறக்கத்தான் கை போனது. அதற்குள் அவள் பேசிவிட்டாள். அண்ணியை நங்கை என்றுதானே நம் பக்கத்தில் கூப்பிடுவார்கள்.

"நங்கை, நேத்து பேசுனத மனசுல வெச்சுக்காதீங்க. அம்மா போன்ல எப்பவும் சொல்லும், மரம் பூக்கறது எங்கையால இல்ல கண்ணு, எல்லாம் சுமதி கைராசின்னு. அவ தொட்டா எதுவும் தழைக்கும், நம்மூட்டையே அவதான் தழைய வெச்சுட்டிருக்கறான்னு சொல்லும். அம்மா போனதும் உங்களுக்கு மரத்து மேல அக்கறை விட்டுப்போச்சோன்னு நெனச்சுட்டேன். அந்த வருத்தத்துலதான் அப்படிப் பேசிட்டனுங்க."

இதையெல்லாம் நீங்களா சொன்னீர்கள்? பன்னிரண்டு வருடம் ஒரே அடுப்படியில் நின்றோமே, என் காதில் விழுகிற மாதிரி ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா? பல்லாயிரம் மைல் தள்ளி இருக்கிறவளிடம் சொன்னதை, பக்கத்தில் இருந்தவளிடம் சொல்ல என்ன தடுத்தது?

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். பையைத் திறந்தால் நான் தப்பித்துவிடுவேன். ஆனால் பூ பொய் என்றால் கைராசியும் பொய்தானே? அப்புறம் வீட்டைத் தழைய வைத்தவள் நான் என்ற பேச்சு மட்டும் எப்படி நிஜமாகும்? அதையாவது மனசாரச் சொன்னீர்களா, இல்லை அழுகிற மகளைச் சமாதானப்படுத்த அதையும் கட்டிவிட்டீர்களா? கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் ஆள் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, அத்தை. கவிதா அவள் பேசியதற்காக அழுகிறேன் என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பையை முதுகுக்குப் பின்னால் பிடித்தபடி, "அடுத்த வருசம் பூக்கும் அம்மிணி, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். என்னையும் உங்கள் தொழிலில் இறக்கிவிட்டீர்கள்.

நேற்று நர்சரிக்காரருக்குப் போன் செய்தேன். முதலில் சிரித்தார். பிறகு, சில இடங்களில் மழைக்காலம் முடிந்ததும் தண்ணீரை நிறுத்தி, இலை முழுவதையும் கையால் உருவிவிட்டுப் பார்ப்பார்கள், மரம் குளிர்காலம் வந்து போனதாக ஏமாந்து சில சமயம் மொட்டு வைக்கும் என்றார். உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். எத்தனை இலை இருக்கும் என்று கேட்காமல் வைத்துவிட்டேன். இன்று காலையில் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். மலைப்பாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் செய்வேன். கார்த்திகை மழை விட்டதும் ஸ்டூலைப் போட்டு ஏறி ஒவ்வொரு இலையாக உருவுவேன். முதல் வருடம் பூக்காவிட்டால் அடுத்த வருடம், அதுவும் இல்லையென்றால் அதற்கடுத்த வருடம். துணிப்பூ இனி ஒன்றுகூடக் கட்ட மாட்டேன். இது உங்கள் மானத்துக்காக இல்லை, கவிதாவுக்காகவும் இல்லை. என்னைப் பற்றி நீங்கள் சொன்ன ஒரே ஒரு நல்ல வார்த்தை பொய்யாகிவிடக் கூடாது, அவ்வளவுதான். மரத்தில் நிஜமாக ஒரு பூ, ஒரே ஒரு பூ வரட்டும். அன்றைக்கு இந்தக் கடிதத்தைக் கவிதாவிடம் நானே கொடுப்பேன். ஊரெல்லாம் படித்தாலும் படிக்கட்டும்.

இப்படிக்கு,
கைராசி இருக்கிறதா என்று இன்னும் தெரியாத
உங்கள் மருமகள் சுமதி